நாலாம் பம்பும் ஐம்பத்துமூன்றும்

எங்கள் தமிழ்ப் பூசை கிழக்கு லண்டனில் ஒன்றுவிட்ட ஒரு ஞாயிறு நடக்கும். தேவாலயத்துக்குள் ஒரு பிரசங்கம், பூசை முடிந்ததும் வெளியே கார்கள் நிற்கும் வளவில் இன்னொரு பிரசங்கம். முதலாவதைப் பாதர் வைப்பார். இரண்டாவதை என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், வைப்பார். முதலாவதில் கொட்டாவி விட்டவர்கள்கூட இரண்டாவதில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அத்தானின் பிரசங்கத்துக்குப் பொருள் எப்போதும் ஒன்றுதான், கார்.

இது 2007 வாக்கில். அப்போது எங்கள் ஆட்களுக்குக் கார் விஷயத்தில் இரண்டு மதங்கள் இருந்தன. ஒன்று ஜப்பான், மற்றது ஜெர்மன். நாட்டை விட்டு வந்த புதிதில் எல்லோரும் ஜப்பான்தான். எண்ணெய் அதிகம் குடிக்காது, நடுத்தெருவில் நிற்காது, பழுதானாலும் எந்த மெக்கானிக்கும் திருத்துவான். பிறகு கடையொன்று சொந்தமாகும், அல்லது மகன் மருத்துவம் படிக்கப் போவான். உடனே ஆளுக்கு ஓர் அரிப்பு வந்துவிடும். அடுத்த பூசைக்கு ஜெர்மன் கார் ஒன்று வளவுக்குள் மெதுவாக, தேவைக்கு மேல் மெதுவாக, நுழையும். வீடு வாங்குமுன் ஜெர்மன் கார் வாங்கியவர்களும் இருந்தார்கள். வீட்டை ஓட்டிக்கொண்டு பூசைக்கு வர முடியாதே என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

நான் சுத்தமான ஜப்பான்காரி. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற சின்னச் சிவப்புக் கார் பதினொரு வயதுக் கிழவி. கொட்டும் பனியிலும் ஒரே திருப்பில் உயிர் வரும். பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. அந்தக் காரில் போய், அந்தக் காரில் வந்து, வழியில் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு வருவேன். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

குறை என் கணவருக்குத்தான். இவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. ஒன்பது வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் கல்லாவில் நின்றார். வந்து நிற்கும் கார்களை எஞ்சின் சத்தத்திலேயே அடையாளம் சொல்வார். ஜெர்மன் கார் வந்தால் கண்ணாடியோடு மூக்கை வைத்துப் பார்ப்பார். அதிலிருந்து இறங்கி வருகிறவர்களோ இவரைப் பார்ப்பதில்லை. "பம்ப் ஃபோர்" என்று சொல்லி, அட்டையைச் செருகி, இலக்கத்தை அழுத்திவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி எங்கள் வீட்டில் அடிக்கடி கதை வரும். நரைத்த தலை, நல்ல கோட்டு, வெள்ளி நிறத்தில் ஜெர்மன் கார், சனிக்கிழமை தவறாது வருவார். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட இவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. கெட்ட மனிதர் என்றில்லை, தாங்க்யூ சொல்வார். அதையும் கல்லாவைப் பார்த்துத்தான் சொல்வார்.

இவருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அதைச் சோறு போடும்போதும் சொல்வார், சட்டை மடிக்கும்போதும் சொல்வார்.

"ஒரு நாளைக்கு என்ர சொந்த ஜெர்மன் காரை அந்த நாலாம் பம்பிலை கொண்டுபோய் நிப்பாட்டி எண்ணெய் அடிக்கவேணும். உள்ளுக்கு நிக்கிறவன் கண்ணாடிக்குள்ளாலை பாக்கவேணும். வெளியிலை நிக்கிற நாலு பேரும் பாக்கவேணும். அது காணும் எனக்கு."

"நாலு பேர் பாக்கிறதுக்கோ கார்?" என்று நான் சீறுவேன்.

"பின்னை? போறதுக்கு பஸ் இருக்குதுதானே" என்பார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலேசியத் தமிழர் இருந்தார். மாணவனாக வந்து, கணக்கியல் படித்து, நகரத்துக்குள் பெரிய அலுவலகமொன்றில் நல்ல பதவியில் இருந்தார். அவருடைய கார் எங்கள் சிவப்புக் கிழவியையும்விட வயதானது. பக்கக் கதவு நெளிந்திருக்கும், ஒரு கண்ணாடி இறங்காது. காரை அவர் காடி என்பார். ஒரு நாள் நான் வாய் தாங்காமல் கேட்டேன், உங்களுக்கு ஒரு நல்ல கார் வாங்க ஆசை இல்லையா என்று.

"எதுக்குக்கா? காடி ஓடுதா, நிக்கச் சொன்னா நிக்குதா, அது போதும்லா. எங்க ஊர்ல இந்த ஜெர்மன் காடில அமைச்சருங்க போவாங்க. இங்க ரொட்டிக் கடைக்காரரும் போறாரு. அப்புறம் அதுல என்ன பெருமை இருக்கு?"

இதை இவரிடம் சொன்னேன். நன்றாக யோசித்துவிட்டு, "பாவம், படிச்ச மனுசன். ஏதோ கஷ்டம் போலை" என்றார்.

அந்த வருடம் இவருக்கு மனேஜர் பதவி கிடைத்தது. அரிப்பும் வந்துவிட்டது. அத்தானை முன்னால் இருத்திக்கொண்டு ரொம்ஃபோர்ட் பக்கம் பழைய கார் விற்கும் வளவொன்றுக்குப் போனோம். அத்தான் இல்லாமல் எங்கள் சபையில் யாரும் கார் வாங்குவதில்லை. ரயரை உதைப்பார், எண்ணெய் மூடியைத் திறந்து முகர்வார், குனிந்து அடியைப் பார்ப்பார். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காரின் பின்பக்கம் போய் இலக்கத் தகட்டைப் பார்த்து வாய்க்குள் கூட்டுவார். கூட்டுத்தொகை எட்டு வந்தால் ரயருக்கு உதைகூடக் கிடைக்காது. எட்டு சனியின் எண். எட்டு வந்த கார் ஆளைக் கவிழ்க்கும் என்பது அவருடைய அசைக்கமுடியாத நம்பிக்கை.

இந்த நாட்டுக் கார்த் தகட்டில் எழுத்துக்களுக்கு நடுவில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். கார் எந்த அரையாண்டில் பதிவானது என்பதை அவை சொல்லும். 2003 செப்டெம்பர் தொடங்கி ஆறு மாதம் பதிவான அத்தனை கார்களிலும் 53 என்று இருக்கும். ஐந்தும் மூன்றும் எட்டு. இங்கிலாந்து அரசாங்கம் தமிழர்களைக் கேட்காமல் செய்த வேலை அது. அந்த ஆறு மாதக் கார் ஒன்றுகூட எங்கள் தேவாலய வளவில் நின்றதில்லை.

ரொம்ஃபோர்ட் வளவில் கடும் நீலத்தில் ஒரு டீசல் கார் நின்றது. ஜெர்மன் கார். கீறல் இல்லை, இருக்கைகள் புதிதுபோல இருந்தன. இவர் கதவைத் திறந்து உள்ளே இருந்து, சாத்தினார். "டப்" என்று அடக்கமாக ஒரு சத்தம். திறந்து மறுபடி சாத்தினார். மறுபடியும் சாத்தினார். எங்கள் சிவப்புக் காரின் கதவைச் சாத்தினால் தகரப்பேணி விழுந்த சத்தம்தான் கேட்கும். நான் இவரின் முகத்தைப் பார்த்தேன். கலியாண வீட்டுப் படத்தில்கூட இவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அத்தான் பின்பக்கமிருந்து, "இறங்கும், தம்பி" என்றார். "ஐம்பத்துமூண்டு."

இவர் முகம் வாடி இறங்கினார். இவருக்கும் எட்டில் பயம்தான். வளவின் சொந்தக்காரர் எங்கள் ஆள், யாழ்ப்பாணத்தார். பெருமூச்சு விட்டபடி என்னிடம் வந்தார்.

"அக்கா, வெள்ளைக்காரர் வந்தால் எத்தினை மைல் ஓடினதெண்டு பாப்பினம். எங்கட சனம் வந்தால் முதல் பின்னுக்குப் போய்க் கூட்டிப் பாக்கும். பாத்திட்டு, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிடும். நாலு மாசமா நிக்குது. நீங்கள் எடுக்கிறதெண்டால் நல்லாக் குறைச்சுத் தாறன்."

சொன்னபடியே குறைத்தார். எட்டு இல்லாத வேறெந்த ஜெர்மன் காரும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். கதவைச் சாத்தும்போது இவர் சிரித்த சிரிப்பு என் கண்ணிலேயே நின்றது. என் ஜப்பான் மதத்தை அந்த வளவிலேயே கைவிட்டேன்.

"நாங்கள் எடுக்கிறம்" என்றேன்.

அத்தான் துள்ளி விழுந்தார். "தங்கச்சி, விசர்க் கதை கதையாதை. எட்டு ஆளை நடுத்தெருவிலை நிப்பாட்டிப்போடும்."

"அத்தான், போன ஞாயிறுதானே முன்வாங்கிலை நிண்டு விசுவாசப் பிரமாணம் சொன்னனீங்கள்? அதிலை எட்டு எங்கை வருது?"

"அது வேறை. இது கார்."

இவர் என்னையும் அத்தானையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். "அண்ணை, அவ சொல்லிப்போட்டா" என்று என் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சிவப்புக் கிழவியை அந்த வளவுக்காரரே எடுத்துக்கொண்டார். அதை விட்டுவிட்டு வரும்போது அதன் கூரையில் ஒரு தடவை தட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த பூசைக்குப் பிறகு பாதர் காரை மந்திரித்தார். நான்கு கதவையும் முன் மூடியையும் திறந்து வைத்தோம். பாதர் எஞ்சின் மேலும் தீர்த்தம் தெளித்தார். சனம் சுற்றி நின்று காரைப் பார்த்தது. பார்த்த கண்கள் எல்லாம் மெல்லத் தகட்டில் போய் நின்றன, உதடுகள் கூட்டின. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன்.

இரண்டு நாள் கழித்துக் கார் ரயரில் ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன், நசுங்கிய தேசிக்காய்த் தோல். முன் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சந்தனப் பொட்டு. பாதரின் தீர்த்தம் போதாதென்று அத்தானும் இவரும் களவாக ஆற்றைக் கடந்து லூயிஷாம் பக்கத்துக் கோயிலுக்குப் போய், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தேசிக்காய் வைத்து நசித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"இதென்னப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கத்தாலையும் பாதுகாப்பு இருந்தால் நல்லதுதானே" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

இவ்வளவு பாதுகாப்புச் செய்தும் இவர் நாலாம் பம்புக்குப் போகவில்லை. முதல் எண்ணெய் அங்கேதான் அடிப்பது என்று தீர்மானம். அதற்கு நல்ல நாள் வரவேண்டும், எட்டு தன் குணத்தைக் காட்டாது என்று மனம் துணியவேண்டும். வளவுக்காரர் தாங்கியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தந்திருந்தார். அந்த எண்ணெய் முடியாமல் இருக்க, வேலைக்கு பஸ்ஸில் போனார். நானும் பஸ்ஸில் போனேன். எனக்கு லைசென்ஸ் இருந்தும் ஸ்டியரிங்கைத் தொடவிடவில்லை. மூன்று கிழமையாகக் கார் வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் பூனைக்கு வெயில் காயும் இடமானது. ஸ்டேஷனில் மட்டும் இவர் ஒரு நாளும் வாய் மூடவில்லை. கூட வேலை செய்யும் மூத்த அண்ணை ஒருவருக்குக் காரின் நிறம், டீசல் எஞ்சின், கதவுச் சத்தம் எல்லாம் மனப்பாடம்.

நாலாவது சனிக்கிழமை அப்டன் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில் கலியாண வரவேற்பு. அத்தானின் ஆட்கள், சபை முழுவதும் வரும். நான் பட்டுச்சேலை, இவர் கோட்டும் டையும், பன்னிரண்டு வயது மகள் பின் இருக்கையில். காரை எடுத்ததும் மீட்டரில் எண்ணெய் விளக்கு எரிந்தது.

"நேரே உங்கட ஸ்டேஷனுக்கு விடுங்கோ" என்றேன்.

"இண்டைக்கோ? இண்டைக்குச் சனிக்கிழமையப்பா. சனியின்ர நாள், எட்டு நம்பர்..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒன்பது வருசமா என்ர காதுக்குள்ளை ஓதினியள். நான் என்ர காரையும் குடுத்திட்டு பஸ்ஸிலை போறன். இண்டைக்குப் போகாட்டில் இனி நாலாம் பம்பெண்ட கதையே இந்த வீட்டிலை எடுக்கக்கூடாது."

"அப்பா, ஜஸ்ட் கோ" என்றாள் மகளும்.

போனோம். நாலாம் பம்ப் காலியாக இருந்தது. இவர் மெதுவாக, தேவைக்கு மேல் மெதுவாக, காரை உள்ளே விட்டார். கண்ணாடிக்குப் பின்னால் அந்த அண்ணை நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தினார். இவர் இறங்கி, டையைச் சரிசெய்து, கதவைச் சாத்தினார். "டப்." அந்த நேரம் பார்த்து, சொல்லிவைத்ததுபோல, வெள்ளி நிறக் காரொன்று பக்கத்துப் பம்பில் வந்து நின்றது. நரைத்த தலை, நல்ல கோட்டு. இவர் நெஞ்சை நிமிர்த்தினார். ஒரு கண் அண்ணையில், ஒரு கண் அந்த மனிதரில். கை மட்டும் தன் பாட்டில் பம்புக்குப் போனது. சிவப்புக் கிழவிக்கு அடித்து அடித்துப் பழகிய பச்சைக் குழாயை எடுத்தது, காருக்குள் செருகியது, அழுத்தியது.

பச்சைக் குழாய் பெற்றோல். கறுப்புக் குழாய்தான் டீசல். "பார்த்து அடிக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதி அந்தப் பம்பில் ஒட்டியிருந்த கடதாசி இவரே தன் கையால் எழுதியது. எத்தனையோ பேரை ஒலிபெருக்கியில் கத்தி நிறுத்தியிருக்கிறார். அந்த ஒலிபெருக்கி இப்போது வேறு குரலில் அலறியது.

"தம்பி! விடு! விடு! அது பெற்றோலடா! உன்ர டீசல் கார்! ஸ்டார்ட் பண்ணிப்போடாதை!"

பதற்றத்தில் அண்ணைக்கு ஆங்கிலம் வரவில்லை. யாழ்ப்பாணத் தமிழ் அந்த இடம் முழுக்க முழங்கியது. எட்டுப் பம்பிலும் நின்றவர்கள் திரும்பினார்கள். காற்றடிக்க நின்றவர் திரும்பினார். தெருவில் நாயோடு போன கிழவி நின்று பார்த்தாள். நாலு பேர் பார்க்கவேண்டும் என்று ஒன்பது வருடமாக ஆசைப்பட்டவரை இருபது பேர் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பிறகு இவரைப் பார்த்தேன். கையில் பச்சைக் குழாயோடு, புது டையோடு, அப்படியே நின்றார். என் சிரிப்பு அடங்கிவிட்டது. அவ்வளவு ஆசைப்பட்ட மனிதனுக்கு இப்படியா நடக்கவேண்டும் என்று நெஞ்சு வெந்தது.

அண்ணை ஓடி வந்தார். எஞ்சினைத் தொடாதவரை பயமில்லை, தாங்கியை வடித்தால் சரி, காரை மூலைக்குத் தள்ளுவோம் என்றார். நான் ஸ்டியரிங்குக்கு மாறினேன். ஜெர்மன் காரின் ஸ்டியரிங்கை முதல்முதல் நான் பிடித்தது எஞ்சின் ஓடாதபோதுதான். பின்னால் இவரும் அண்ணையும் தள்ளினார்கள். பாரமான கார், அசையவில்லை. அப்போது அந்த நரைத்த தலைக்காரர் தன் கோட்டைக் கழற்றித் தன் காருக்குள் போட்டுவிட்டு வந்து, இவருக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். கார் நகர்ந்தது. கண்ணாடி இறக்கியிருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"ஐ நோ யூ, டோன்ட் ஐ?" என்றார் அவர், மூச்சு வாங்க. "நீங்கள் இங்கே உள்ளே நிற்பவர்."

இவர் ஆமென்றார்.

இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள். "லவ்லி கார், திஸ்" என்றார் அவர்.

பின்பார்க்கும் கண்ணாடியில் இவரின் முகம் தெரிந்தது. ரொம்ஃபோர்ட் வளவில் கதவைச் சாத்தியபோது இருந்த அதே முகம்.

தாங்கி வடிக்கிற ஆள் வர நேரமெடுக்கும். பக்கத்து வீட்டு மலேசியருக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் நெளிந்த கதவோடு காடி வந்தது. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, "ஏறுங்கக்கா, மெதுவா, அந்தக் கதவக் கொஞ்சம் உதைக்கணும்" என்றார். பட்டுச்சேலையோடு உதைத்துத் திறந்து ஏறினேன். இவர் முன்னால் இருந்து வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

மண்டப வாசலில் அத்தான் சபையோடு காத்து நின்றார். நீலக் காரை எதிர்பார்த்து நின்றவருக்கு முன்னால் காடி போய் இருமிக்கொண்டு நின்றது.

"எங்கை கார்?" என்றார். எங்களைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. "நான் அண்டைக்கே சொன்னனானே, எட்டு!"

"எட்டைக் குறை சொல்லாதேங்கோ அண்ணை" என்றார் இவர். அத்தானை எதிர்த்து இவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தரம். "கார் ஸ்டேஷனிலை நிக்குது. இண்டைக்கு நாலாம் பம்பிலை எண்ணெய் அடிச்சனான். அந்த வெள்ளிக் கார் மனுசன் என்ர முகத்தைப் பாத்து, லவ்லி கார் எண்டு சொன்னவர்."

அத்தான் நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏன் அதிலை வரேல்லை?"

இவரும் என்னைப் பார்த்தார். என்னிடம் நாக்கு இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

"அதுக்கு வயிறு சரியில்லை அத்தான்" என்றேன். "ஒத்துவராத ஏதோ குடிச்சிட்டுது. திங்கட்கிழமை சுகம் வந்திடும்."

சொல்லிவிட்டு, காரைத் தள்ளியதில் கோணிப்போயிருந்த இவரின் டையை நேராக்கிவிட்டேன்.